உறவுமுறை

கொடிநாளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம்.
வந்த படிவத்தில் ஒரு கட்டம்:
‘இறந்த வீரருக்கு உறவுமுறை’.
அவளுக்கு ‘மனைவி’ என்று எழுதினேன்.
உடன் வருபவருக்கு ‘தம்பி’ என்று எழுதினேன்.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எழுத
அரசாங்கம் இடம் விடவில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில்
மூலைக்கரைப்பட்டிக்கு மழை வரவில்லை,
தந்தி வந்தது.
அண்ணன் பூலுடையார்
அமைதி காக்கக் கடல் தாண்டிப் போனவன்.
அதற்கு முந்தின வாரம் கடுதாசி போட்டிருந்தான்:
‘ஏல சிவனணைஞ்சா,
இங்க கருப்பட்டிக்குப் பனங்கட்டின்னு பேரு.
கெணத்தடியில பொம்பளையோ பேசுனா
நம்ம வடக்குத் தெரு மாதிரியே காதுல விழுது.
தோள்ல துப்பாக்கியப் போட்டுக்கிட்டு
அதக் கேக்கக் கூச்சமா இருக்கு.’

அவனைச் சுட்டவனும்
தமிழில்தான் சத்தம் போட்டிருப்பான்.
பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்கும் பீகாரிக்கும்
அது வெறும் சத்தம்.
இவனுக்கு மட்டும் புரிந்திருக்கும்.

ஊரில் கொட்டு அடிக்கலாமா கூடாதா என்று
ராத்திரி வரை பேச்சு.
சாயாக்கடைச் சுவரில்
அந்தக் கரைப் பையன்களின் படம் ஒட்டியிருந்தது.
அன்று ஒரு நாள் அதன்மேல்
யாரோ சாக்கைத் தொங்கவிட்டார்கள்.
மறுநாள் எடுத்துவிட்டார்கள்.
நான் இரண்டு நாளும் அங்கேதான் சாயா குடித்தேன்.

டிரங்குப் பெட்டி வந்தது.
சவர செட்டு, கம்பளிச் சட்டை,
ஓலைக் குட்டானில் பனங்கட்டி, எறும்பு மொய்த்து.
மதினிக்கு ஏழாம் மாதம்.
எறும்பை ஊதி ஊதி விலக்கி
ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.
அன்றைக்கு அவள் தின்றது அதுதான்.

‘வெளிய கட்டுனா பென்ஷன் நின்னுரும்,
கொழுந்தனக் கட்டுனா நிக்காது’
என்று விதியை விளக்கினார் பாளையங்கோட்டை குமாஸ்தா.
எனக்கு இருபத்திரண்டு.
துபாய்க்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன்.
என்னை யாரும் வற்புறுத்தவில்லை.
அவளை யாரும் கேட்கவில்லை.
சாஸ்தா கோவிலில் மஞ்சள் கயிறு,
வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல்.
அண்ணன் பிள்ளை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது.

மூத்தவள் பூ. முப்பிடாதி.
இளையவள் சி. உலகம்மை.
ஒரே வீட்டில் ரெண்டு இனிஷியலா என்று டீச்சர் கேட்டதற்கு
முப்பிடாதி சொன்னாளாம்:
‘ஒரு அப்பா செவுத்துல இருக்காரு டீச்சர்,
இன்னொரு அப்பா மில்லுக்குப் போயிருக்காரு.’

மதினி என்று கூப்பிட்டவளை
அதற்குமேல் எப்படிக் கூப்பிடுவது?
‘இந்தா’, ‘ஏளா’, ‘கேட்டியா’.
முப்பத்தைந்து வருஷத்தை
பெயரில்லாமலே ஓட்டிவிட்டேன்.

கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸ் ஹாலில்
மைக் சொன்னது:
‘வீரமரணம் அடைந்த நாயக் பூலுடையாரின் துணைவியார்...’
முழங்கால் வலியோடு
கைப்பிடி இல்லாத மூன்று படி ஏறினாள்.
நான் பாதி எழுந்து, உட்கார்ந்துவிட்டேன்.
எல்லோரும் தட்டியபோது நானும் தட்டினேன்.
போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான்.
அவள் சிரிக்கவில்லை,
சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.
‘நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?’
பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்.
எழுதிக் கொடுத்ததையே சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் வெயில் அவள் பக்கம்.
இடம் மாறச் சொன்னேன், மாறவில்லை.
கண்டக்டர் வந்தான்.
‘சில்லறை இருக்கா?’ என்றாள்.
‘இருக்கு மதினி.’

வாய் தவறியதா,
இல்லை, இத்தனை காலம் தவறிக் கிடந்த வாய்தான்
சரியாகச் சொன்னதா, தெரியவில்லை.
கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
டிக்கெட்டைக் கிழித்தான்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
மடியில் இருந்த பொன்னாடையை
நாலாக மடித்து,
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்,
ஆள் வருதென்று
இடம் பிடிப்பதுபோல.